போட்டியை நிறுத்துகிறீர்கள், அந்த விதியையுமா? ஆஸ்திரேலிய ரக்பி லீக் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆணைய உறுப்பினர்களுக்கு,

2017 அக்டோபர் 1ஆம் தேதி சிட்னி ஹோம்புஷ் மைதானத்தில் இறுதி ஆட்டம் மேன்லி 20, பாரமட்டா 18 என்று முடிந்ததோடு, இருபது வயதுக்குட்பட்டோருக்கான தேசிய ரக்பி லீக் போட்டியே முடிந்துபோனது. 2008ல் டொயோட்டா கோப்பை என்று ஆரம்பித்து, 2013லிருந்து ஹோல்டன் கோப்பை என்று பெயர் மாறி, பத்து சீசன் ஓடியது. இனி அது வேண்டாம், நியூ சவுத் வேல்ஸில் ஜெர்சி ஃப்ளெக் கோப்பை என்கிற பழைய மாநில இளைஞர் போட்டி திரும்பி வரட்டும், குயின்ஸ்லாந்துக்காரர்கள் அவர்கள் போட்டியை அவர்களே நடத்திக்கொள்ளட்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். நான் பாரமட்டா ஆள்தான், அந்த இரண்டு புள்ளியை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது, ஆனால் இந்தக் கடிதத்தை அதற்காக எழுதவில்லை.

மேற்கு சிட்னியில் ஒரு டேஃப் கல்லூரியில், அதாவது அரசுத் தொழிற்கல்லூரியில், எலக்ட்ரிக்கல் அப்ரண்டிஸ்களுக்கு, வேலை பார்த்துக்கொண்டே தொழில் படிக்கிறவர்களுக்கு, பாடம் எடுக்கிறேன். உங்கள் போட்டியில் ஆடிய பையன்கள் இத்தனை வருடமாக என் வகுப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. இதன் ஆங்கில வடிவம் உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக வரும். தமிழிலும் எழுதிப் பொதுவில் வைப்பது, டூங்காபி, வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பக்கம் குடியிருக்கிற எங்கள் ஆட்களும் படிக்க வேண்டும் என்பதற்காக. இங்கே வந்து இறங்கியபோது எங்களுக்குக் கிரிக்கெட்டை விட்டால் வேறொன்றும் தெரியாது, பிள்ளைகள்தான் பள்ளிக்கூடத்திலிருந்து ஃபுட்டியை, ரக்பி லீக்கை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள், வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் பதின்மூன்று பேர், ஆறு டேக்கிளுக்குள் கோட்டைத் தாண்டு, முடியாவிட்டால் பந்தை எதிராளியிடம் கொடு, அவ்வளவுதான், கபடி பார்த்து வளர்ந்தவனுக்கு இது பிடிபட ரொம்ப நாள் ஆகாது. ஆனால் பதினைந்து வயதுப் பையன் வந்து, "ஹெரால்ட் மேத்யூஸ் இளையோர் கோப்பைக்கு ஆள் எடுக்கிறார்கள், போகட்டுமாப்பா" என்று கேட்டால் எங்கள் வீடுகளில் வருகிற முதல் கேள்வி ஆட்டத்தைப் பற்றியதாக இருக்காது. அப்போ படிப்பு என்னாகும்?

அந்தக் கேள்விக்கு உங்களிடம் ஒரு நல்ல பதில் இருந்தது. தேசியப் போட்டியில் ஆடுகிற பையன் ஏதாவது ஒரு வேலை பார்க்க வேண்டும், அல்லது படிக்க வேண்டும், இரண்டும் இல்லாதவனுக்கு ஆட்டமும் இல்லை என்று விதி வைத்தீர்கள். அதைக் கவனிக்க ஒவ்வொரு கிளப்பிலும் வெல்ஃபேர் ஆபீசர் என்று ஒருவர் இருந்தார். போட்டியைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும், இந்த ஒரு விதிக்காக உங்களைப் பல பெற்றோரிடம் நானே புகழ்ந்து பேசியிருக்கிறேன், இதை நம்பித்தான் சில அம்மாக்கள் தலையை ஆட்டினார்கள்.

இப்போது போட்டி போகிறது. விதி எங்கே போகிறது?

என் வகுப்பில் இப்போது இருக்கிற பையன்கள் என்னிடம் கேட்பது இதைத்தான். அடுத்த வருடம் மாநிலப் போட்டியில் ஆடப்போகிறவன் ஒருவன், "சார், நான் இனிமேல் டேஃப் வந்தாக வேண்டுமா இல்லையா, கிளப்பில் கேட்டால் தெரியாது என்கிறார்கள்" என்றான். தெரியாது என்று சொன்னவர் அங்கே பொறுப்பில் இருப்பவர். அவன் அம்மாவுக்கும் எதுவும் சொல்லப்படவில்லை, மாதாமாதம் வருகையைச் சரிபார்க்க எனக்கு வந்துகொண்டிருந்த போனும் நின்றுவிட்டது. முடிவை அறிவிக்கத் தெரிந்த உங்களுக்கு, அந்த முடிவுக்குள் வாழப்போகிற பத்தொன்பது வயதுப் பையனிடம் இரண்டு வரி சொல்ல வழியில்லாமல் போய்விட்டதா?

அந்த விதி என்ன செய்தது என்று கிட்ட இருந்து பார்த்தவனாகச் சொல்கிறேன். மவுண்ட் ட்ரூயிட் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான், டோங்கா வம்சாவளி, ப்ராப் என்கிற முன்வரிசை இடத்தில் ஆடுகிறவன், ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பான். முதல் வருடம் வோல்டேஜ் டிராப் கணக்கைப் பார்த்தாலே முகம் சுருங்கிவிடும். அவன் கிளப்பில் இருந்த வெல்ஃபேர் ஆபீசர் ஒரு பெண்மணி, என்னைப் போனில் பிடித்து இவன் வந்தானா, தேர்வில் எவ்வளவு வாங்கினான், எதில் தடுமாறுகிறான் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இவன் இரண்டு வகுப்புக்கு மட்டம் போட்டபோது அந்த வார ஆட்டத்திலிருந்து பெயரை எடுக்கவைத்தார், பயிற்சியாளர் முணுமுணுத்தும் விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த வாரம் வகுப்பு ஆரம்பிக்கும் முன்பே வந்து வாசலில் நின்றான். பெரியவர்களின் முதல்தர அணியில் ஓர் ஆட்டம்கூட அவனுக்குக் கிடைக்கவில்லை, முழங்கால் போய்விட்டது. ஆனால் நான்கு வருடத்தை முடித்தான், கடைசித் தேர்வைத் தாண்டி லைசன்ஸ் வாங்கினான், இன்று சொந்தமாக வேன் வைத்து வேலை எடுத்துச் செய்கிறான். கிளப்பின் கோப்பைக் கணக்கில் இதெல்லாம் வராது.

நீங்கள் அட்டவணை போட்ட லட்சணத்தில் இது சுலபமாகவும் இருக்கவில்லை. பெரியவர்கள் அணி எங்கே போகிறதோ இளைஞர் அணியும் அங்கே போக வேண்டும். டவுன்ஸ்வில், ஆக்லாந்து, மெல்பர்ன், கான்பரா, கோல்ட் கோஸ்ட். முதல்தர ஆட்டக்காரனுக்கு அதுதான் முழுநேர வேலை, ஊர் திரும்பிய மறுநாள் ஐஸ் தொட்டியில் உட்கார்ந்தால் போதும். பத்தொன்பது வயது அப்ரண்டிஸ் சனிக்கிழமை ராத்திரி டவுன்ஸ்வில் வெக்கையில் ஆடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விமானம் பிடித்து, திங்கள் விடியற்காலை பூட்ஸ் மாட்டிக்கொண்டு சைட்டில் நிற்க வேண்டும். சிட்னிக்குள்ளேயே வியாழக்கிழமை ராத்திரி ஆட்டம் என்றால் இவர்கள் ஆட்டம் மாலையிலேயே தொடங்கிவிடும், அப்படியானால் மதியமே முதலாளியிடம் கெஞ்சிக் கிளம்ப வேண்டும். இதைச் சகித்துக்கொண்ட சின்னச் சின்ன எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர்களுக்கு நீங்கள் ஒரு நன்றிக் கடிதமாவது அனுப்பியிருக்கலாம். பயணத்தைக் குறைக்க மாநிலப் போட்டிக்கு மாறுகிறோம் என்று நீங்கள் சொன்னால் நான் எதிர்க்கப்போவதில்லை, அந்த விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி.

அப்புறம் இன்னொரு பக்கம். வேறொரு கிளப், பெயர் வேண்டாம். அவர்கள் அனுப்பிய பையன் பதிவேட்டில் மட்டும் மாணவன். முதல் நாள் வந்தான், புத்தகம் வாங்கினான், அதோடு சரி. டேர்ம் முடிகிற நேரத்தில் கிளப்பிலிருந்து ஒருவர் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தார், "ஒரு கையெழுத்துதானே, பையன் ஃபார்மில் இருக்கிறான், கெடுத்துவிடாதீர்கள்" என்றார். போடமாட்டேன் என்றேன். அடுத்த டேர்மில் அவன் வேறு எங்கோ, ஆன்லைனில் சான்றிதழ் தருகிற ஓர் இடத்தில் சேர்ந்துவிட்டதாகத் தெரிந்தது. ஒரு ஆட்டத்தில்கூட அவனை ஆடவிடாமல் உட்காரவைக்கவில்லை. தலைமையிடத்திலிருந்து யாராவது ஒருவர் கல்லூரிக்கு நேராகப் போன் போட்டு விசாரித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் வெளிப்பட்டிருக்கும். எனக்குத் தெரிந்து அப்படி யாரும் விசாரிக்கவில்லை. விதியை எழுதியது நீங்கள், காவல் காக்கும் வேலையை மட்டும் காவல் இருக்கப் பிடிக்காதவர்களிடமே கொடுத்துவிட்டீர்கள். நல்ல ஆபீசர் அமைந்த கிளப்பில் பையன்கள் பிழைத்தார்கள், அமையாத கிளப்பில் அவரவர் தலையெழுத்து.

ஆக்லாந்துப் பையன்கள் கதை தனி. நியூசிலாந்து வாரியர்ஸ் இந்தக் கோப்பையை 2010, 2011, 2014 என்று மூன்று முறை வென்றது, வேறெந்தக் கிளப்பும் அத்தனை முறை வெல்லவில்லை. 2010ல் அந்த அணியில் ஆடிய ஷான் ஜான்சன் நான்கே வருடத்தில் உலகின் சிறந்த வீரருக்கான கோல்டன் பூட் விருது வாங்கினார். அங்கே அவ்வளவு திறமை கொட்டிக்கிடப்பதைப் பார்த்து சிட்னி, பிரிஸ்பேன் கிளப்புகள் தேடிப்போய்ப் பதினேழு வயதிலேயே பையன்களை அள்ளிக்கொண்டு வந்தன. அப்படி வந்த ஒருவன் என் வகுப்பில் இருந்தான், அமைதியானவன், மதியச் சாப்பாட்டு நேரத்தில் காரிலேயே உட்கார்ந்து அம்மாவிடம் பேசிக்கொண்டிருப்பான். இருபது வயதாகி அந்தப் பிரிவில் ஆட முடியாமல் போனதும், சீசன் முடிந்த கையோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. தங்கியிருந்த வீடு கிளப் ஏற்பாடு செய்தது, அதையும் காலி செய்யச் சொன்னார்கள். மூன்றாம் வருடம் நடுவில் இருந்தான், அப்ரண்டிஸ் வேலையும் கிளப் ஸ்பான்சரின் கம்பெனியில்தான், அதுவும் கூடவே போனது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, 2001க்குப் பிறகு இங்கே வந்த நியூசிலாந்துக்காரர்களுக்கு, மற்ற ஆஸ்திரேலியப் பையனைப் போல வேலையில்லாக் காலத்து உதவித்தொகை கிடைத்துவிடாது. விமானம் ஏறிப் போய்விட்டான். ஒன்றரை வருடம் மட்டுமே பாக்கியிருந்த ஒரு தொழில் படிப்பு பாதியில் நின்றது.

இந்தப் பிரிவுக்குள் இருந்த அழுத்தம் உங்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. 2013ல் இந்தப் போட்டியோடு தொடர்புள்ள இளைஞர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி வந்தபோது நாடே பேசியது. அதற்குப் பிறகு மனநலம் பற்றி நீங்கள் எடுத்த முயற்சிகளை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், உங்கள் ஸ்டேட் ஆஃப் மைண்ட் திட்டத்தின் சுவரொட்டி எங்கள் கல்லூரித் தாழ்வாரத்திலேயே தொங்கியது. ஆனால் மாணவர்களிடம் நான் பார்த்தது இதுதான்: வாரத்தில் ஒரு நாளாவது "நீ என்ன ஸ்கோர் பண்ணினாய்" என்று யாரும் கேட்காத ஓர் இடம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. வகுப்பறை அப்படி ஓர் இடம். அங்கே எல்லாருக்கும் ஒரே வயரிங் ரூல்ஸ் புத்தகம், ஒரே போர்டு, தப்பாக இணைத்தால் எல்லாருக்கும் ஒரே திட்டு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற வங்காளதேசத்துப் பையனுக்கு இவன் பெரிய ஆட்டக்காரன் என்பதே தெரியாது. அந்த இடத்துக்கு அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது உங்கள் விதி, அதனால்தான் அதை இப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

நீங்கள் சொல்கிற காரணங்களுக்கு வருகிறேன். ஆட்டத்தின் தரம் பற்றி நியாயமான குறை உண்டு. இறுதி ஆட்டங்களின் ஸ்கோரைப் பார்த்தாலே போதும், 2010ல் 42–28, 2013ல் 42–30, 2014ல் 34–32, டிஃபென்ஸ் என்ற ஒன்று இருந்ததா என்று சந்தேகம் வரும். இளைஞர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொள்வதைவிட முதல்தரத்துக்கு அடுத்த நிலையான ரிசர்வ் கிரேடில் வளர்ந்த ஆண்களோடு மோதினால் சீக்கிரம் பக்குவப்படுவார்கள் என்கிற வாதமும் எனக்குப் புரிகிறது. ஆனால் 2008ல் முதல் கோப்பையை பிரிஸ்பேனிடமிருந்து 28–24 என்று கூடுதல் நேரத்தில் பறித்த கான்பரா அணியில் இருந்த ஜாரட் க்ரோக்கர்தான் 2017ல் அதே கிளப்பின் கேப்டன். 2016ல் பென்ரித்தின் இருபது வயதுக்குட்பட்டோர் அணியில் சீசனைத் தொடங்கிய நேதன் க்ளியரி பாதி வருடத்தில் முதல்தர அணிக்குப் போய்விட்டான். ஆட்டத்துக்கு இது ஒன்றுமே தரவில்லை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

செலவு என்கிறீர்கள். இதில்தான் என்னால் பொறுமையாக இருக்க முடியவில்லை. 2018லிருந்து ஐந்து வருடத்துக்கு ஒளிபரப்பு உரிமையை சுமார் 180 கோடி டாலருக்கு விற்றிருக்கிறீர்கள். முதல்தர அணியின் சம்பள உச்சவரம்பை 2018க்கு 94 லட்சம் டாலராக உயர்த்தியிருக்கிறீர்கள். வீரர்களுக்கு நல்ல சம்பளம் கிடைக்கட்டும், அடிபடுகிறவன் அவன்தானே, வேண்டாம் என்று யார் சொன்னது. ஆனால் அதே வருடத்தில் இளைஞர்களுக்கு விமான டிக்கெட் வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்று சொல்வது எங்கள் காதில் நன்றாக விழவில்லை. சரி, டிக்கெட் செலவு மிச்சம் என்றே வைத்துக்கொள்வோம். மிச்சப்பட்ட பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதைச் சொல்லலாம் இல்லையா?

எனவே போட்டியைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று கேட்கப்போவதில்லை. கேட்டாலும் நடக்காது. நான் கேட்பது இவை.

வேலை அல்லது படிப்பு என்ற விதியை, நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து இரண்டு மாநிலப் போட்டிகளிலும் கட்டாயமாக்கி எழுத்தில் வெளியிடுங்கள். "ஊக்குவிக்கப்படும்", "எதிர்பார்க்கப்படுகிறது" என்பது போன்ற சொற்கள் வேண்டாம். மாநிலச் சங்கங்களுக்கு நீங்கள் தரும் பணத்தோடு இதை நிபந்தனையாகச் சேர்த்துவிட்டால் போதும், தானாக நடக்கும்.

வெல்ஃபேர் ஆபீசரின் சம்பளத்தை நீங்களே நேரடியாகக் கொடுங்கள். பயிற்சியாளரைப் பகைத்துக்கொண்டால் வேலை போய்விடும் என்கிற நிலையில் இருப்பவரால் எந்தப் பையனையும் பெஞ்சில் உட்காரவைக்க முடியாது. நான் சொன்ன அந்தப் பெண்மணி செய்தார் என்றால் அது அவருடைய துணிச்சல், எல்லாரிடமும் அதை எதிர்பார்க்க முடியாது. வருகைப் பதிவை டேஃபிடமிருந்தும் முதலாளியிடமிருந்தும் உங்கள் அலுவலகமே கேட்டு வாங்கட்டும், கிளப் நிரப்பிக் கொடுக்கும் படிவத்தை ஆதாரமாக எடுக்காதீர்கள்.

இந்த 2017 சீசனில் பதினாறு கிளப்புகளிலும் பதிவாகி, போட்டி நின்றதால் ஒப்பந்தம் இழக்கிற ஒவ்வொரு பையனுக்கும், அவன் பாதியில் வைத்திருக்கிற படிப்பை முடிக்கும்வரை கட்டணத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். அப்ரண்டிஸாக இருந்தால் வேறு முதலாளியைத் தேடிக் கொடுக்க ஓர் ஆளை வையுங்கள். இது பெரிய தொகை இல்லை, நீங்கள் இறுதிப்போட்டி ராத்திரி வாணவேடிக்கைக்குச் செலவு செய்கிறவர்கள். வெளியூரிலிருந்து, குறிப்பாகக் கடல் தாண்டி, கூட்டிவந்த பையனை வெளியே அனுப்புவதானால் தங்குமிடத்தைக் காலி செய்ய மூன்று மாத அவகாசம் தர வேண்டும் என்று கிளப்புகளுக்கு உத்தரவு போடுங்கள். பள்ளி முடிக்காதவனை ஊர் மாற்றவே கூடாது என்பது என் விருப்பம், அதையாவது விவாதத்துக்கு எடுங்கள்.

மாநிலப் போட்டி ஆட்டங்களையும் முடிந்தவரை பெரிய ஆட்டத்துக்கு முன்னால், அதே மைதானத்தில் நடத்துங்கள். காலி நாற்காலிகளுக்கு முன்னால்தான் ஆடுகிறார்கள் என்று சிலர் சிரிப்பார்கள். அந்தக் காலி நாற்காலிகளில் அம்மா, அப்பா, பாட்டி, சர்ச்சிலிருந்து ஒரு பட்டாளம், கொடி, பாட்டு என்று எல்லாம் இருக்கும், சீக்கிரம் போய் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கடைசியாக, அடுத்த சீசன் மார்ச்சில் தொடங்குகிறது, டேஃப் சேர்க்கை அதற்கு முன்பே முடிந்துவிடும். அதனால் ஜனவரி இறுதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். எனக்குத் தனியாக எழுத வேண்டாம், இந்த வருடம் பதிவாகியிருந்த ஒவ்வொரு பையனின் வீட்டு முகவரிக்கும் அனுப்புங்கள், முகவரிகள் உங்களிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
மேற்கு சிட்னியிலிருந்து ஒரு டேஃப் ஆசிரியர்